ஐஸ் கம்பெனியில் பதிவு செய்தது

கடலூர் முதுநகரில், துறைமுகம் போகும் வழியில்
மரைக்காயர் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
உமி மூட்டை அடுக்கியிருந்த அறைதான் ஸ்டுடியோ.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
பதினோரு இரவு, ஒன்பது பாட்டு.
பகலில் எனக்கு சிப்காட்டில் சாயக் கம்பெனி.
கிடார் கழுத்தில் இன்னமும் என் விரல் நீலம்.

ஷமீமா வாய் திறக்கும்போதெல்லாம்
சுவருக்கு அந்தப்பக்கம் கம்ப்ரஸர்
ம்ம்ம் என்று கூடவே வந்தது.
ராயப்பன் அதை அழித்துப் பார்த்தான்.
அழித்தால் அவள் குரலிலும் பாதி போனது.
கிடக்கட்டும் விடு, என்றான் கலியமூர்த்தி,
கூலி கேட்காத ஐந்தாவது ஆள்.

வெளியான அன்று ஊரில் ஒன்றும் நடக்கவில்லை.
மஞ்சக்குப்பம் மைதானத்தில், பொருட்காட்சி மேடையில்
இரண்டு பாட்டு முடிவதற்குள்
சினிமாப் பாட்டு தெரியாதாப்பா என்றார்கள்.
ராட்டினக்காரன் தன் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டான்.

ஏழு மாதம் கழித்து
ஹெல்சிங்கியில் ஒரு பத்திரிகை
பத்துக்கு எட்டு போட்டது.
பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் போடாத மார்க்.

நாலாவது பாட்டு, 'கரண்ட் போச்சு'.
தானே புயலுக்கு அப்புறம்
பதினேழு நாள் இருட்டில் ஷமீமா எழுதியது.
உறையில் அச்சடிக்க ராயப்பன் அதை இங்கிலீஷில் மாற்றினான்,
கரண்டைக் கரண்ட் என்றே விட்டுவிட்டு.
அவர்களுக்கு அது நீரோட்டமும்தானாம்.
'இறந்துபோன ஆறு ஒன்றுக்கான ஒப்பாரி'
என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள்.

சிரித்தோம், வயிறு வலிக்க.
ஷமீமாதான் முதலில் நிறுத்தினாள்.
அன்று சாயங்காலம் பாலத்தின் மேல் வண்டியை ஓரம்கட்டி
உப்பனாற்றைப் பார்த்தபடி
முதலிலிருந்து கடைசிவரை முணுமுணுத்தாள்.
ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.
நான் என் விரல்களை
பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒசாகாவில் ஒருவர் முந்நூறு இசைத்தட்டு அடித்து
ஒன்றை எங்களுக்கு அனுப்பினார்.
போட்டுக் கேட்க யாரிடமும் மெஷின் இல்லை.
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.
இப்போது அது ராயப்பன் வீட்டில்
மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.
இன்னொருவர், எந்த நாடோ,
ஒரே பாட்டை ஒன்பது தடவை கேட்டேன் என்று திட்டியிருந்தார்.
கலியமூர்த்திக்கு அது மட்டும் மனப்பாடம்.

பணமும் வந்தது. ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
பேங்கில் ஒரு படிவம் நீட்டினார்கள்.
வெளிநாட்டுப் பணம், என்ன நோக்கம்?
ஏற்றுமதியா, அன்பளிப்பா?
பாட்டு, என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லையே என்று
'மற்றவை'யில் டிக் அடித்தார்.

ஆனால் எல்லோரும் எழுதியது அந்த ம்ம்ம் பற்றி.
கடலின் அடித்தொண்டை என்றார்கள்.
தம்புரா மரபு என்றார்கள்.
ஓர் ஊரே தூக்கத்தில் மூச்சுவிடுகிறது, என்றார் ஒருவர்.
நாங்கள் மறுக்கவில்லை.

ஐஸ் கம்பெனி மெக்கானிக் துரைக்கண்ணுவிடம்
ஒருநாள் ஹெட்ஃபோனைக் கொடுத்தோம்.
கண்ணை மூடிக்கொண்டார்.
ஒன்பது பாட்டும். இடையில் எழுந்திருக்கவில்லை.
பீடி பற்றவைக்காமலே விரலில் இருந்தது.
ஊரில் எங்களை முழுசாகக் கேட்ட முதல் ஆள்.

கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:
'ஆறாவது பாட்டுலேர்ந்து இழுக்குது பாரு.
பேரிங் தேஞ்சிருக்கு.
பக்கத்துலயே நின்னு கேட்டதுல இத்தனை நாளாப் புரியல.'
மறுநாளே ஆள் வைத்துப் பிரித்துப் போட்டார்.

இப்போது ஓடுகிறதா இல்லையா என்று
சுவரில் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.
இரண்டாவது ஆல்பத்தில் நாலு பாட்டு முடிந்திருக்கிறது.
ஹெல்சிங்கி அம்மாள் எழுதியிருக்கிறார்:
எதை மாற்றினாலும் சரி,
அந்த ஒரு சுரத்தை விட்டுவிடாதீர்கள்.

பதில் இன்னும் போடவில்லை.
பழைய பேரிங் கலியமூர்த்தி வீட்டில்,
கடல்காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல்
முட்டுக் கொடுத்திருக்கிறது.